ஐந்தாவது கேள்விக்குப் போட்ட டிக்

மையத்தில் யாரும் யாருடைய பெயரையும் சொல்வதில்லை. குடியை நிறுத்த வருகிறவர்களின் பெயர் வெளியே போய்விடக் கூடாது என்று ஆரம்பத்தில் போட்ட விதி அது. போகப் போக எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. வருகிறவர்கள் தொழிலைச் சொல்வார்கள், அதுவே பெயராகிவிடும். பெயின்டர், சமையல்காரர், பழைய வாத்தியார், புது வாத்தியார், ஷட்டர்காரர். வேலை பார்க்கிறவர்களும் இதில் தப்பவில்லை. ஊசி போடுகிறவர் நர்ஸம்மா. மாடியறையில் உட்கார்ந்து போன் செய்கிறவள் போன் அக்கா. அவளுடைய சொந்தப் பெயர் வேண்டுமென்றால் வருகைப் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும்.

சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்களை வாரம் ஒரு தடவை கூப்பிட்டு விசாரிப்பது போன் அக்காவின் வேலை. ஒரு வருடம் விடாமல் விசாரிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு தாள், தாளில் எட்டுக் கேள்வி, ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம். குடித்தீர்களா, குடிக்கத் தோன்றியதா, மாத்திரை போடுகிறீர்களா, தூக்கம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தால் ஐந்தாவதாக அந்தக் கேள்வி வரும். 'செத்துப்போயிடலாம்னு நினைப்பு வந்துச்சா?'

வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் டாக்டர் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார். குரலைத் தாழ்த்தாதீர்கள், சுற்றி வளைக்காதீர்கள், தூக்கம் வருகிறதா என்று கேட்ட அதே குரலில் கேளுங்கள், நீங்கள் பயந்தால் அவர்கள் மறைத்துவிடுவார்கள் என்றார். சொன்னது சரிதான். ஆனால் வாய் வர வேண்டுமே. ஒரு பெண் ஒவ்வொரு தடவையும் "தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்து அதோடு நிறுத்திவிடுவாள். இன்னொருவன் "அந்த மாதிரி ஏதாவது நினைப்பு" என்று மென்று முழுங்கினான். எந்த மாதிரி என்று எதிர்முனையில் கேட்டதும் போனை வைத்துவிட்டான். போன் அக்கா மட்டும் முதல் நாளே, கடையில் விலை கேட்கிற மாதிரி, தெளிவாகக் கேட்டாள். டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டு அவள் பேசுவதைக் கேட்கச் சொன்னார். "இதுதான் குரல். இதைப் பிடிச்சுக்குங்க" என்றார்.

அது கற்றுக்கொண்ட குரல் இல்லை என்பது டாக்டருக்குத் தெரியாது. அவளுக்கு அந்த ஒரு குரல்தான் மிச்சம் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவளுடைய தம்பி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். அவனும் குடிதான். அன்றைக்கு வீடு முழுக்க ஜனம் அழுதது, இவள் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். கல்நெஞ்சக்காரி என்று சித்தி காதுபடவே சொன்னாள். அவள் மறுக்கவில்லை. அழுகை வரும் என்று முதல் மாதம் காத்திருந்தாள், பிறகு காத்திருப்பதும் நின்றுவிட்டது. நெடுநேரம் ஒரே பக்கமாக உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அந்த மாதிரி உள்ளே எங்கேயோ மரத்துப்போய்க் கிடந்தது. கிள்ளினால் கிள்ளுகிறார்கள் என்று தெரியும், வலிக்காது. சூடான டீயைக் குடித்துவிட்டு, நாக்கு வெந்திருப்பதை மறுநாள்தான் கவனிப்பாள்.

வீட்டுக்காரர் நல்ல மனிதர், கொஞ்சம் வாயாடி. சாப்பிடும்போது வேலையிடத்துக் கதையெல்லாம் நடித்துக் காட்டுவார். இவள் சரியான இடத்தில்தான் சிரிப்பாள், கொஞ்சம் தாமதமாக. "உன்கிட்ட ஜோக் சொல்றது ஆழக் கிணத்துல கல்லு போடற மாதிரிடீ. சத்தம் வர்றதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துடுது" என்பார். அதற்கும் சிரிப்பாள்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் அவளுக்கு முப்பத்தாறு போன் இருந்தது. பதினொன்று பத்துக்கு ஷட்டர்காரரைக் கூப்பிட்டாள். கடைகளின் இரும்பு ஷட்டரைப் பழுது பார்க்கிறவர், நாற்பதைத் தாண்டியவர், குடியை விட்டுப் பதினோரு மாதம். அண்ணன் வீட்டு மாடி அறையில் இருக்கிறார். மையத்துக்கு ரொம்பப் பிடித்த ஆள் அவர், ஏனென்றால் தொந்தரவே கிடையாது. எட்டுக் கேள்விக்கும் எட்டு விடை, ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

"வணக்கம், மையத்துல இருந்து பேசறேன். இந்த வாரம் குடிச்சீங்களா?"

"இல்லை."

"குடிக்கணும்னு தோணுச்சா?"

"இல்லை."

"மாத்திரை போடறீங்களா?"

"போடறேன்."

"தூக்கம் வருதா?"

"வருது, போகுது."

"செத்துப்போயிடலாம்னு நினைப்பு வந்துச்சா?"

"ஆமா."

"வீட்ல கூட யாராவது இருக்காங்களா?"

எதிர்முனையில், பின்னால் இரும்பை யாரோ தட்டுகிற சத்தம். "அண்ணன் இருக்காரு. அண்ணி இருக்காங்க" என்றார்.

"நேரத்துக்குச் சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறேன்."

"சனிக்கிழமை கூட்டத்துக்கு வருவீங்களா?"

"பாக்கறேன்."

"சரிங்க. அடுத்த வாரம் பேசறேன்." வைத்துவிட்டாள். ஐந்தாவது கேள்விக்கு எதிரே 'இல்லை' என்கிற கட்டத்தில் டிக் விழுந்திருந்தது. ஒன்றரை வருடமாக, நாளைக்கு முப்பது முறைக்கு மேல் அந்தக் கட்டத்திலேயே டிக் போட்டு வந்த கை அது. விடை வருவதற்குள் பேனா அங்கே போய் நின்றுகொள்ளும். விடை என்னவென்று அதற்கு அக்கறை இல்லை.

அப்புறம் சமையல்காரரிடம் பேசினாள். அவர் மருமகளைப் பற்றிப் பத்து நிமிடம் புலம்பினார். பழைய வாத்தியார் கேள்விகளில் இலக்கணப் பிழை இருப்பதாகச் சொன்னார், வாராவாரம் சொல்வதுதான். புது வாத்தியார் போனை எடுக்கவில்லை. ஒரு டீ வந்தது. அவள் டீயைக் கையில் எடுத்து ஜன்னலோரம் நின்று, கீழே ஒருவர் சைக்கிளைச் சுவரில் சாய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த 'ஆமா' வந்து சேர்ந்தது. காதில் அப்போதே சரியாகத்தான் விழுந்திருக்கிறது. மனதுக்கு வர முக்கால் மணி நேரம் ஆகியிருக்கிறது.

டீயை வைத்துவிட்டுத் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தாள். டிக் அழகாக, கோணாமல், 'இல்லை'யில் இருந்தது. ஒருவேளை தனக்குத்தான் பிரமையோ என்று ஒரு நிமிடம் யோசித்தாள். அப்படி இருந்தால் எவ்வளவு சௌகரியம். அவருடைய எண்ணுக்குப் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். மூன்றாவது தடவையும் யாரும் எடுக்காததும் படியிறங்கி நர்ஸம்மாவிடம் போனாள்.

"ஷட்டர்காரர் அஞ்சாவது கேள்விக்கு ஆமான்னு சொன்னாரு. நான் இல்லைன்னு டிக் போட்டுட்டேன்."

நர்ஸம்மா கையிலிருந்த மருந்துப் பெட்டியை மேசைமேல் வைத்தாள். "அப்புறம் என்ன கேட்ட?"

"வீட்ல கூட யாராவது இருக்காங்களான்னு."

"எப்போ?"

"பதினொன்னு பத்துக்கு."

நர்ஸம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. யாராவது 'ஆமா' என்றால் என்ன செய்வது என்பது அந்தத் தாளின் பின்பக்கம் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. போனை வைக்காதே, பேசிக்கொண்டே இரு, இன்னொருவரை நேரில் அனுப்பு. அவள் ஒன்றரை வருடத்தில் ஒரு தடவைகூட அந்தப் பக்கத்தைத் திருப்பியதில்லை.

"திட்டறதை அப்புறம் வெச்சுக்கலாம்" என்றாள் நர்ஸம்மா. "நீ அவரு வேலை செய்யற பட்டறைக்குக் கிளம்பு. நான் அவங்க வீட்டுக்குப் போன் பண்றேன். ஆளைப் பார்த்ததும் எனக்குச் சொல்லு, வண்டியோட வர்றேன். பார்த்தா விட்டுட்டு நகராத."

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தாளையும் பேனாவையும் கையிலேயே பிடித்திருப்பதைக் கவனித்தாள். வழியில் நர்ஸம்மா கூப்பிட்டாள். அண்ணிக்காரி எடுத்தாளாம். காலையில் சாப்பாட்டு டப்பாவை எடுக்காமலே போய்விட்டார், கூப்பிட்டதற்கு இன்னைக்குப் பசிக்காது அண்ணி என்று சொல்லிவிட்டுப் போனார் என்றாளாம். எதற்குக் கேட்கிறார்கள் என்று அண்ணிக்குப் புரிந்து, பேச்சு திக்கிவிட்டதாம்.

தம்பியும் இப்படித்தான் ஒரு பகல் வேளையில் போன் செய்தான். இவள் தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, எனக்கு எதுவுமே வேண்டாம்போல இருக்கு" என்றான். "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள். "சாப்பிட்டேன்" என்றான். "சரி, சாயந்திரம் வா" என்றாள். அவன் வரவில்லை. நீ வேறு என்ன கேட்டிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது, அது உன் குற்றமில்லை என்று நர்ஸம்மா நூறு தடவை சொல்லியிருக்கிறாள். நூறு தடவையும் இவள் தலையாட்டியிருக்கிறாள். அந்தக் கேள்வியை நேராகக் கேட்கும் வேலை என்று தெரிந்துதான் இங்கே சேர்ந்தாள். கேட்டால் போதும் என்று நினைத்திருந்தாள். விடையையும் கேட்க வேண்டும் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

பட்டறை ஒரு நீளமான கொட்டகை. சுருட்டி வைத்த தகடுகள், சுவரில் வரிசையாகத் தொங்கும் சுருள் வில்கள், கிரீஸ் டப்பா. முதலாளி வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஷட்டர்காரரைப் பற்றி அவள் விசாரித்ததைக் கேட்டார்.

"அவனா? செருப்புக் கடையில ஷட்டர் பாதியில மாட்டிக்கிச்சுன்னு போயிருக்கான். ஏம்மா, நீங்க யாரு?"

"அவருக்கு வேண்டியவங்க. போனை எடுக்க மாட்டேங்கறாரு."

"எப்படி எடுப்பான்? இங்க கிடக்கு பாருங்க." மேசைமேல் திருப்புளிகளுக்கு நடுவே போன் கிடந்தது. முதலாளி அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "போனை மறந்துட்டுப் போற ஆளில்லையே. பதினோரு மாசமா அதைத்தான் பிள்ளை மாதிரி வெச்சிட்டிருக்கான். திங்கக்கிழமை ஆனா மெஷினை நிறுத்திட்டு அதையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பான்."

அவளுக்குப் பயம் வந்தது அப்போதுதான். வந்தது என்ன என்று புரிந்துகொள்ளவே அவளுக்குச் சில அடிகள் நடக்க வேண்டியிருந்தது. இரண்டு வருடமாகப் பழக்கம் விட்டுப்போன சாமான் அது. செருப்புக் கடை மூன்று கடை தள்ளி, தெருமுனையில். அவள் ஓடினாள்.

ஷட்டர் தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் நின்றிருந்தது. உள்ளே விளக்கு இல்லை. கடைக்காரர் சாப்பிடப் போயிருப்பதாகப் பக்கத்துக் கடைப் பெண் சொன்னாள். போன் அக்கா குனிந்து உள்ளே நுழைந்தாள். சுவர் முழுக்க அட்டைப் பெட்டிகள், புதுத் தோல் வாடை. செருப்பு போட்டுப் பார்க்கிறவர்கள் உட்காரும் பெஞ்சில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சுருள் வில், பக்கத்தில் பை. கையை அசைக்காமல் எதிரே இருந்த தாழ்வான கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார், கால் மட்டும் தெரிகிற கண்ணாடி.

பதினோரு மாதம் வாராவாரம் பேசியிருக்கிறார்கள், அவள் மாடியறையை விட்டு இறங்காததால் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. வாய் தானாக ஆரம்பித்துவிட்டது.

"வணக்கம், மையத்துல இருந்து பேசறேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார், சந்தோஷச் சிரிப்பு இல்லை, மூக்கு வழியாக வருகிற சிரிப்பு. "அப்போ மெஷின் இல்லையா நீங்க?"

"என்ன?"

"அண்ணன் சொன்னாரு. இப்பெல்லாம் போன்ல பேசறது எல்லாமே மெஷின்தான், உனக்கு வர்றதும் அதாத்தான் இருக்கும்னு. நான் சண்டை போட்டேன், இல்ல, அது ஒரு அக்கான்னு. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். ஒரு நாள் இருமினது கிடையாது. ஒரு நாள் சிரிச்சது கிடையாது. நான் என்ன சொன்னாலும் அடுத்தது, அடுத்தது. மூணு வாரமா அதே யோசனை. சரி, ஆமான்னு ஒரு தடவை சொல்லிப் பார்ப்போம், மனுஷியா இருந்தா நிப்பாங்கன்னு..."

அவள் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். "அப்போ அது பொய்யா?"

அவர் மடியிலிருந்த வில்லைப் பையில் வைத்தார். பிறகு மறுபடி எடுத்தார். "சொல்லும்போது பொய்தான்" என்றார். "நீங்க அடுத்த கேள்விக்குப் போனதும் நிஜமாயிடுச்சு."

தெருவில் ஒரு லாரி பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது. அவள் தாளை அவரிடம் நீட்டினாள். "இல்லைன்னு டிக் போட்டுட்டேன்" என்றாள்.

அவர் வாங்கிப் பார்த்தார். "அழகாத்தான் போட்டிருக்கீங்க."

"இப்ப இருக்கா அந்த நினைப்பு?"

"இருக்கு."

போனை எடுத்து நர்ஸம்மாவிடம் இடத்தைச் சொன்னாள். இருபது நிமிடத்தில் வருவதாக நர்ஸம்மா சொன்னாள். அவர் எழுந்து போகவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"அடுத்து என்ன கேக்கணும்?" என்றார்.

"ஒண்ணும் கேக்கல. நீங்க சொல்லுங்க."

"குடிச்சப்போ திட்டறதுக்காவது ஆள் இருந்தாங்க" என்றார். "அண்ணன் கதவைத் தட்டுவாரு. அண்ணி அழுவாங்க. முதலாளி ஆளனுப்பித் தூக்கிட்டு வரச் சொல்லுவாரு. இப்ப நல்லாயிட்டேன் இல்லையா. எல்லாரும் நல்ல பிள்ளைன்னு சொல்லிட்டு அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க. காலையில எழுந்திரிக்கறேன், ஷட்டரைத் தூக்கறேன், இறக்கறேன். துக்கம்னுகூட இல்லைங்க. ஒண்ணுமே இல்லை. அதுதான் தாங்கல. இன்னும் ஒரு மாசத்துல வருஷம் முடியுது, அப்புறம் உங்க போனும் வராது."

ஒண்ணுமே இல்லை என்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. "எனக்குத் தெரியும்" என்றாள். தம்பியைப் பற்றிச் சொன்னாள், துணி மடித்ததைச் சொன்னாள், நாற்காலி எடுத்துப் போட்டதைச் சொன்னாள். பயிற்சியில் இதையெல்லாம் பேசக் கூடாது என்றுதான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பட்டறையிலிருந்து ஓடி வந்தபோது பயமாக இருந்தது என்பதையும் சொன்னாள்.

"உங்களுக்கா?"

"ஆமா."

அவர் வில்லைக் கீழே வைத்தார். கிரீஸ் படிந்த விரல்களை முழங்காலில் துடைத்தார். "நர்ஸம்மா வந்தா போறேன். டாக்டரையும் பார்க்கறேன்" என்றார். "ஆனா ஒண்ணு. அடுத்த திங்கக்கிழமையும் இதே மாதிரி மெஷினாட்டம் கேட்டீங்கன்னா நான் என்ன பண்றது?"

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அவருக்கு இன்னொரு தடவை பொய்யான டிக் போட அவளுக்கு மனமில்லை. "தெரியலைங்க" என்றாள். "நான் வேணும்னு பண்றதில்ல. என்னை அறியாம அப்படி ஆயிடறேன். அப்படிக் கேட்டேன்னா நீங்க ஒரு அதட்டு அதட்டுங்க. நான் நிப்பேன்."

"அதட்டினா கேக்குமா?"

"கேக்கணும்."

"ஏங்க" என்றார், மெதுவாக.

"அது பத்தாது."

அவர் தொண்டையைச் செருமினார். பதினோரு மாதமாக எட்டுக் கேள்விக்கு எட்டு விடை சொல்லி வந்த மனிதர், நிமிர்ந்து உட்கார்ந்து, அடிவயிற்றிலிருந்து அவளைப் பார்த்துக் கத்தினார். என்ன வார்த்தை என்றே விளங்கவில்லை. வெறும் குரல். ஷட்டர் தகடு அதிர்ந்தது, பக்கத்துக் கடைப் பெண் எட்டிப் பார்த்தாள். போன் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேனா கையிலிருந்து விழுந்து பெஞ்சுக்கு அடியில் ஓடியது. நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் கண்ணாடியைப் பார்த்தாள், அதில் நாலு பாதம் தெரிந்தது, இரண்டு நடுங்கிக்கொண்டிருந்தது.

"கேட்டுச்சா?" என்றார், தன் சத்தத்துக்குத் தானே மிரண்டுபோய்.

அவள் வாயைத் திறந்தாள். விடை வரவில்லை, அழுகைதான் வந்தது. சத்தமாக, அசிங்கமாக, மூக்கு ஒழுக வந்தது. இரண்டு வருடமாக எங்கே இருந்தது என்று தெரியாத அழுகை. ஷட்டர்காரர் எழுந்தார், உட்கார்ந்தார், பையைத் துழாவி ஒரு பழைய துணியை எடுத்து, அதில் கிரீஸ் இல்லாத மூலையாகப் பார்த்து அவளிடம் நீட்டினார். வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தமும், நர்ஸம்மா இருவரையும் கூப்பிடுகிற சத்தமும் கேட்டன. அவர் நகராமல் பக்கத்திலேயே நின்றார். 'கேட்டுச்சு' என்று அவரிடம் சொல்லி முடிக்க அவளுக்கு வெகு நேரம் ஆயிற்று.